ஒரு தட்டு நூடுல்ஸ்

"அம்மா, உப்புப் போடாதே! சோயா சாஸ்லயே இருக்கு!"

மகள் கரண்டியைப் பிடுங்கினாள். கல்யாணத்துக்குச் சம்மதம் சொல்லுமுன் அவரை வீட்டுச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டே ஆகணும் என்று அடம்பிடித்தவள் அவள்தான். காலையிலிருந்து அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"அவருக்கு சைனீஸ்னா உயிர்டி. பிடிக்கலைன்னா?" குடைமிளகாய் நறுக்கியபடி கேட்டாள் அம்மா.

"நீ போய் முகம் கழுவு. நான் கிளறிக்கறேன்."

வந்தவருக்கு முதல் வாயிலேயே கண் கலங்கியது. ஆனாலும், "பிரமாதம்!" என்று தட்டை வழித்து, இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினார். தண்ணீர் ஜாடி காலியானது.

அடுத்து வாயில் வைத்த அம்மா அலறினாள். "ஐயையோ, ஒரே உப்பு! எப்படிங்க சாப்பிட்டீங்க?"

"ஆசையா செஞ்சதாச்சே... எப்படிச் சொல்றது?"

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "ரெண்டு ஸ்பூன் உப்பை அள்ளிப் போட்டதே நான்தான். பரீட்சையில பாஸாயிட்டீங்க!"

எழுந்து, அம்மாவின் கையைப் பிடித்து அவர் கையில் வைத்தாள்.

"எங்க அம்மாவை உங்களுக்குக் கட்டிக் கொடுக்க எனக்குப் பூரண சம்மதம். இனிமே உங்களை அப்பான்னு கூப்பிடலாமா? அந்த வார்த்தையைச் சொல்லிப் பத்து வருஷமாச்சு..."