கருவி கத்திய இடம்

ஆண்டிச்சாமியின் மடியில் ஐந்து ஆணிகள் இருந்தன.

வெடிமருந்து கலக்கும் கொட்டகைக்கு இருபது அடி தூரத்தில் வைத்து முதலாளி சங்கையா அவனைப் பிடித்தார். வெடி கம்பெனியில் இரும்பு உரசி ஒரு பொறி பறந்தால் போதும், கொட்டகையோடு ஆட்களும் போய்விடுவார்கள்.

"யாருலே குடுத்து விட்டா? எதுத்த கம்பெனிக்காரனா?"

"சத்தியமா இல்ல மொதலாளி. முத்தத்துல கெடந்துச்சு. சாயந்தரம் வெளிய போடலாம்னு பொறுக்கி வச்சேன்."

"போன மாசந்தானே புதுச் சரளை அடிச்சு நெரவுனோம். ஆணி எங்கன இருந்துலே மொளச்சது?"

ஆண்டிச்சாமி முதலாளியின் காலடியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"சரி. நாளைக்கு விருதுநகர்ல இருந்து ஜெயச்சந்திரன் வர்றாரு. பட்டாளத்துல கண்ணிவெடி தேடுனவரு. அவரு மிஷின் இந்த முத்தத்துல இன்னும் ஒரு ஆணியக் காட்டட்டும், நீ சொல்றது நெசம். காட்டலேன்னா நீயும் ஒம் பொண்டாட்டியும் இந்த வாசலை மிதிக்கக் கூடாது."

தீபாவளிக்கு ஏழு வாரம் இருந்தது. அவன் மனைவி வள்ளித்தாயும் அங்கேதான் வெடிக்குக் காகிதக் குழாய் சுருட்டினாள். ஆணியோடு பிடிபட்டவனை நாரணாபுரத்தில் வேறு எந்தக் கம்பெனியும் சேர்க்காது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஜெயச்சந்திரன் வந்தார். ராணுவம் ஏலத்தில் விட்ட பழைய கருவி அது. நீளக் கம்பு, நுனியில் வட்டத் தட்டு, தோளில் சத்தம் வரும் சின்னப் பெட்டி. முதல் வேலையாகச் சங்கையாவின் சாவிக்கொத்தையும் வெற்றிலைப் பெட்டியையும் வாங்கி வெளியே வைத்தார்.

தட்டை மண்ணுக்கு அருகே கொண்டு போனதும் பெட்டி கத்தியது. நாலடி தள்ளி வைத்தார். அங்கேயும் கத்தியது. பதினோரு இடத்தில் வைத்தார். பதினோரு இடத்திலும் கத்தியது.

வள்ளித்தாய்க்கு உயிர் வந்தது. "பாருங்க மொதலாளி, முத்தம் பூரா ஆணிதான்!"

"ஆணி இல்லம்மா. இது செஞ்சரளை. மண்ணுலயே இரும்பு கலந்து கெடக்கு. மிஷின் மண்ணைப் பாத்துக் கத்துது. அதை அடக்கணும்."

முற்றத்து மண்ணிலேயே மூன்று கூடை அள்ளிச் சலித்தார். ஒரு துண்டு இரும்புகூட இல்லையென்று கையால் தடவிப் பார்த்த பிறகு சாக்கில் பரப்பினார். அதன் மேல் தட்டைப் பிடித்துக்கொண்டு, பெட்டியில் இருந்த இரண்டு குமிழ்களை மயிரிழை மயிரிழையாகத் திருகினார். சத்தம் குறைந்து குறைந்து நின்றது. ஆண்டிச்சாமியின் ஆணிகளில் ஒன்றை அந்த மண்ணில் ஓர் அங்குலம் புதைத்தார். கருவி பேசவில்லை.

"ரொம்ப அடக்கிட்டேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

வள்ளித்தாய் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"ஐயா, அம்புட்டுத் திருகணுமா? கத்துனா கத்திட்டுப் போகட்டுமே. எங்க பொழப்பு அந்தச் சத்தத்துலதான் இருக்கு."

"சும்மா கத்துற மிஷினை நம்பி மருந்துக்குப் பக்கத்துல ஒம் புருசனை ஒக்கார வைப்பியாம்மா?"

"பெரிய தருமராசா" என்று முணுமுணுத்துக்கொண்டு அவள் விலகிப் போனாள்.

இரண்டே கால் மணி நேரம் ஆனது. இப்போது வெறும் மண்ணுக்குக் கருவி வாய் திறக்கவில்லை. ஆணிக்கு மட்டும் கத்தியது.

ஜெயச்சந்திரன் எல்லாரையும் வெளியே நிறுத்தினார். முற்றத்தில் இரண்டடிக்கு ஒரு கயிறு கட்டி, இருபத்தாறு வரிசையாகப் பிரித்துக்கொண்டு நடந்தார். இருபத்தைந்து வரிசையிலும் சத்தமே இல்லை. வள்ளித்தாய் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

அதற்கு மேல் சங்கையாவால் பொறுக்க முடியவில்லை. கயிற்றைத் தாண்டி ஜெயச்சந்திரன் அருகே வந்தார்.

"போதும் தம்பி. ஏலே ஆண்டி, பொண்டாட்டியக் கூட்டிக்கிட்டு நட."

கருவி கத்தியது.

ஜெயச்சந்திரன் குனிந்து அந்த இடத்தை விரலால் கிளறினார். ஒன்றும் இல்லை. சலித்த மண்ணுக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தார். அங்கே சத்தம் இல்லை; குமிழும் நகரவில்லை. திரும்ப வந்து, சங்கையா விலகி நிற்க, கத்திய இடத்திலேயே தட்டை வைத்தார். சத்தம் இல்லை.

"என்ன தம்பி, மிஷினுக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சா?" என்று சங்கையா பக்கத்தில் வந்தார்.

மறுபடி கத்தியது.

"அண்ணாச்சி, மடியில ஏதும் வச்சிருக்கீகளா?"

"எல்லாத்தையும் காலையிலயே வாங்கிட்டீகளே."

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

தள்ளி நின்றார். சத்தம் நின்றது.

"இப்ப வாங்க."

வந்தார். கத்தியது. ஜெயச்சந்திரன் தட்டை அவர் காலடிக்குக் கொண்டு போனார். பெட்டி அலறியது.

வெறுங்காலோடுதான் வேலைக்கு வரவேண்டும் என்பது சங்கையாவே போட்ட சட்டம். முப்பத்திரண்டு பேரும் அப்படித்தான் வந்தார்கள். அவர் காலில் மட்டும் விருதுநகர் பஜாரில் வாங்கிய புதுச் செருப்பு இருந்தது.

சங்கையா வலது செருப்பைக் கழற்றித் திருப்பிப் பார்த்தார். அடியில் பதினான்கு ஆணி அடித்த தடம். ஒன்பதுதான் மிச்சம். மற்ற ஐந்தும் வெறும் ஓட்டை.

 செருப்பைக் கையில் பிடித்தபடியே ஆண்டிச்சாமி பக்கம் திரும்பினார்.

"கூறுகெட்ட பயலே! நேத்தே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானேலே?"

"ஒங்களைப் போயி செருப்பைக் கழத்துங்கன்னு சொல்ல எனக்கு வாய் வருமா மொதலாளி? அதான் பின்னாலயே வந்து பொறுக்குனேன்."