காலியாகக் கிடந்த இடம்

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் வந்ததிலிருந்து குன்வோரின் மூளை வருடா வருடம் சுருங்கிக்கொண்டே வந்தது. இந்த முறை கோத்தன்பர்க் நகர மருத்துவர் ஸ்கேனைத் திரும்பத் திரும்பப் பார்த்தார்.

“முதுகுத்தண்டு நீர்ல நோயோட தடயமே இல்ல. மூளையும் வளர்ந்திருக்கு. இப்படியெல்லாம் நடக்காதுங்க.”

“காலியா கெடந்தா யாராவது குடிவரத்தானே செய்வாங்க, டாக்டர்?” என்று குன்வோர் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, ஜன்னலோர விளக்கைப் போட்டுவிட்டுக் காபியோடு உட்கார்ந்தாள். அப்போது ஒரு ஞாபகம் வந்தது. பனி கொட்டுகிறது. கண்ணாடிக்கு உள்ளே, இதே விளக்கடியில், குன்வோர் தனியாகக் காபி குடிக்கிறாள். எத்தனையோ குளிர்காலங்களாக வெளியே நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்த வேறு யாரோ ஒருவரின் ஞாபகம் அது.

அவள் வீடு நான்காவது மாடியில் இருந்தது.

குன்வோர் எழுந்துபோய் இன்னொரு கோப்பையை எடுத்துவைத்தாள். அப்புறம்தான் உறைத்தது, இரண்டு பேருக்கும் குடிக்க வாய் ஒன்றுதான்.