உலு திராம் ஆட்டம் தேறுமா?

"அலமாக்! அது சும்மா ஆடுன மேட்ச் இல்ல சார். என் முட்டியே போச்சு!"

ஷர்மினி வலது காலைப் பக்கத்து நாற்காலியில் தூக்கி வைத்துக் காட்டினாள். சாப்பாட்டுக் கடையில் இருந்த நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

கமலநாதன் தே தாரிக் டீயை ஓரமாக நகர்த்தினார். மலேசிய மகளிர் ரக்பி லீக் சங்கத்தில், எது முழு அனைத்துலக ஆட்டம், எது வெறும் நட்பு ஆட்டம் என்று தீர்ப்புச் சொல்கிற வேலை அவருடையது. சம்பளம் கிடையாது. ஆனால், விதியை விளக்க ஓர் ஆள் கிடைத்துவிட்டால் அவருக்குப் பசியே தெரியாது.

இரண்டு வருடங்களுக்கு முன் உலு திராம் திடலில் மலேசியா சிங்கப்பூரிடம் பத்துக்கு ஆறு என்று தோற்ற ஆட்டம்தான் இன்றைய வழக்கு. அன்று அவர் காஹாங்கில் ஒரு கல்யாணப் பந்தியில் இருந்தார். ஷர்மினியை இன்றுதான் முதல்முறை பார்க்கிறார்.

"முட்டிய வெச்சு முடிவு பண்ண முடியாதும்மா. பாத்ரூம்ல வழுக்குனாலும் முட்டி போகும்."

"இனிமே ஆடக்கூடாதுன்னுட்டாரு டாக்டரு. நான் ஆடுன ஒரே பெரிய மேட்ச் அதான் சார். அது தேறலன்னா நான் ஒரு நாட்டுக்கு ஆடுனவ இல்ல, சேத்துல உருண்டவ. எங்கண்ணன் இப்பவே அப்படித்தான் கூப்புடுறான்."

கமலநாதனுக்குப் பாவமாக இருந்தது. "யாரு உன் மேல விழுந்தா?"

"சந்திரமதி அக்கா."

"நம்ம கேப்டனா? அவ ஏன் உன் மேல விழுந்தா?"

"மழை சார். சேறு. யாரு எந்தச் சட்டைன்னே தெரியல."

"சரி, இப்படிப் பாரு." ரொட்டி சானாயை நான்காகப் பிய்த்தார். "நாலும் சரியா இருந்தாத்தான் இது முழு ரொட்டி. ரெண்டு நாட்டுச் சங்கமும் இத அனைத்துலக ஆட்டம்னு முன்கூட்டியே ஒத்துக்கிச்சா? ஒத்துக்கிச்சு." ஒரு துண்டு வாய்க்குள் போனது. "பக்கத்துக்குப் பதிமூணு பேரா? ஒம்பது பேரு ஆடுற குட்டி ஆட்டம்னா சேக்க மாட்டேன்."

"எண்ணிப் பதிமூணு சார்."

"எண்பது நிமிஷமும் ஆடுனீங்களா?"

"அவங்க ஆடுனாங்க. நான் கடைசி அஞ்சு நிமிஷத்த ஸ்ட்ரெச்சர்ல படுத்துப் பாத்தேன்."

மூன்று துண்டு காலி. நான்காவதைத் தூக்கியவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

"இங்கதான் இடிக்குது. சிங்கப்பூர்க்காரி ஒருத்தி எல்லைப் பாலத்து நெரிசல்ல மாட்டிக்கிட்டாளாம். அவளுக்குப் பதிலா நம்ம ஜொகூர் பொண்ணு ஒருத்தியப் புடிச்சு சிங்கப்பூர் சட்டைய மாட்டி இறக்கிட்டாங்க. இரவல் ஆளு! அவதான் பந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோயி ஜெயிக்கிற ட்ரையும் வெச்சாளாம். சம்பந்தமில்லாதவ ஆடுனா அது எப்படிம்மா நாட்டு ஆட்டமாகும்?"

"சம்பந்தம் இருக்கு சார்! அவ தாத்தா சிங்கப்பூரு செம்பவாங்ல பொறந்தவரு."

கமலநாதன் நிமிர்ந்தார். "தாத்தாவா? சொந்தத் தாத்தாவா?"

"அம்மாவப் பெத்த அப்பா. பொறப்புச் சான்றிதழே காட்டலாம்."

"அட, இத மொதல்லயே சொல்லக் கூடாதா! ரக்பி லீக்ல பாஸ்போர்ட்டு முக்கியமில்லம்மா. நாலு தாத்தா பாட்டியில ஒருத்தர் அந்த ஊர்ல பொறந்திருந்தாலே போதும். பேரப்புள்ள அந்த நாட்டுக்கு ஆடலாம். அப்ப அவ இரவல் இல்ல, அசல்!"

கடைசித் துண்டும் போனது. ஷர்மினி மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள்.

"எங்க தலைவரு மகேஸ்வரன், தோத்த ஆட்டத்த மறந்துடுங்க லான்னாரு. விதி அதெல்லாம் பாக்குமா? தேறிடுச்சும்மா. முழு அனைத்துலக ஆட்டம்!"

ஷர்மினி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். கமலநாதன் கைக்குட்டையை எடுத்து நீட்டினார். தன்னைத் தோற்கடித்தவளுக்காக இவ்வளவு வாதாடுகிறாளே, என்ன பெரிய மனசு!

"ஞாயித்துக்கிழமை மூவார்ல நம்ம சங்க விழா, நாட்டுக்கு ஆடுனவங்களுக்கெல்லாம் தொப்பி போட்டு மரியாத பண்றோம், வந்துடு. மேடையில வெச்சு என் கையாலயே உனக்கு மலேசியத் தொப்பி!"

ஷர்மினி கண்ணைத் துடைத்துக்கொண்டு நொண்டியபடியே எழுந்தாள்.

"மலேசியத் தொப்பி எனக்கு எதுக்கு சார்? அன்னைக்கு சிங்கப்பூர் சட்டையப் போட்டு உங்களத் தோக்கடிச்சதே நான்தான்!"