ஞாயிற்றுக்கிழமை எம்.ஏ.

"பென்ஷன் வாங்கப் போற வயசுல எவளாச்சும் எம்.ஏ. படிக்கப் போவாளா புள்ள?"

அப்புசாமி காப்பித் தம்ளரை ணங்கென்று வைத்தார். கண்ணாடி முன் நின்று சேலைக்குப் பின் குத்திக்கொண்டிருந்த ஜானகியம்மாள் திரும்பக்கூட இல்லை.

"நான் போறேனுங்களே."

அவருக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஜானகியம்மாள் மலையாள எல்லையில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தமிழ் ஹைஸ்கூலில் இங்கிலீஷ் டீச்சர். அடுத்த வருடம் ரிட்டயர். அதற்குப் பிறகு தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக இருக்க வேண்டியவள், கோயமுத்தூர்க் காலேஜ் ஒன்றில் இங்கிலீஷ் எம்.ஏ.வுக்குச் சேர்ந்து தொலைத்திருக்கிறாள். ஹைஸ்கூல் டீச்சர்களுக்கென்றே ஞாயிற்றுக்கிழமைகளில் நடத்துகிறார்களாம். இன்றைக்கு முதல் வகுப்பு.

"எம்.ஏ. முடிச்சா ப்ளஸ் டூவுக்கு டீச்சராப் போலாம். சின்ன வயசுக்காரங்களுக்குச் சரி. நீ முடிக்கறதுக்குள்ள மாலை போட்டு ஊட்டுக்கு அனுப்பிருவாங்களே. பொறவு எதுக்கு?"

"மாலை போட்ட பொறவு படிக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்குதுங்களா?"

"டீக்கடையில என்ன கேக்கறான் தெரியுமா? 'ஏனுங்க, ஊட்டுக்காரிக்கு யூனிபார்ம் தெச்சாச்சுங்களா'ங்கறான்!"

"நீலக் கலர்ல தெக்கறதா சொல்லுங்க."

இந்தக் குடும்பத்துக்கே படிப்புக் கிறுக்கு பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டார் அப்புசாமி. போன வருடம் மகள் தமிழ்ப்ரியாவும் இதே எம்.ஏ.வில் சேரணும் என்று இப்படித்தான் ஆடினாள். அவளும் டீச்சர்தான், எலப்புள்ளியில் வாழ்க்கைப்பட்டவள். நல்லவேளை, சம்பந்தி நாலு பேர் முன்னால் கேலியாக ஒன்று சொல்லி அந்தப் பேச்சையே முடித்துவைத்தார். அப்புசாமியும் சிரித்து ஆமாம் போட்டார். மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். அதோடு சரி.

"சின்னவ, அவளே அடங்கிட்டா. உனக்கென்ன கேடு?"

பின் குத்திய கை ஒரு நொடி நின்றது.

"அவளா அடங்கலீங்க. நீங்கல்லாம் சேந்து அடக்கினீங்க."

அந்தக் குரலில் இருந்த சூடு அவருக்குப் புதிது. வேறு ஏதாவது சொல்ல வேண்டுமே என்று மேஜையைப் பார்த்தார். இரண்டு டிபன் டப்பா இருந்தது.

"ஒரு வேளைச் சோத்துக்கு ரெண்டு டப்பாவா?"

"படிச்சா பசிக்குமுங்க."

"என்ற வண்டியில ஏத்திக்க மாட்டேன். எப்படிப் போறேன்னு பாக்கறேன்."

"காலு ரெண்டும் நல்லாத்தான் இருக்குதுங்க."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கி நடந்தே விட்டாள். அப்புசாமி வாசலில் நின்று பல்லைக் கடித்தார். டீக்கடைக்காரன் கண்ணெதிரே பெண்டாட்டி நடந்து போனால் அதற்கும் ஒரு கதை கட்டுவானே! மொபெட்டை உதைத்துக் கிளப்பி, பாதி வழியில் மறித்தார்.

"ஏறித் தொலை."

பஸ் நிறுத்தத்தில் ஒரு வெள்ளைக் கார் நின்றிருந்தது. எலப்புள்ளிச் சம்பந்தியின் கார்! விஷயம் அங்கே வரைக்கும் போய்விட்டதா? மானம் போச்சு. மொபெட்டை நிறுத்திவிட்டு ஓடினார்.

"சம்பந்தி, என்ற மேல தப்பில்லீங்க. தலபாடா அடிச்சுக்கிட்டேன், கேக்க மாட்டேங்கறா. நீங்களாச்சும் ஒரு வார்த்தை சொல்லுங்க."

சம்பந்தியின் முகம் வேப்பெண்ணெய் குடித்தவர் முகம் மாதிரி இருந்தது.

"அன்னைக்கு ஒரு வார்த்தை சொல்லித்தானுங்க இன்னைக்கு இங்க வந்து நிக்கறேன்."

அப்புசாமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. வேலந்தாவளம் வழியாகப் போகும் கோயமுத்தூர் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்து நின்றது. காரின் பின்கதவு திறந்தது. புதுப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, சிரிப்பை அடக்க முடியாமல் தமிழ்ப்ரியா இறங்கினாள்.

ஜானகியம்மாள் மகளின் கையைப் பிடித்து முதலில் பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். பிறகு படியில் நின்றபடி திரும்பினாள்.

"'அத்தன தூரம் தனியா அனுப்ப முடியாது, வேணும்னா அவங்கம்மா கூடவே போயி, கிளாசுல பக்கத்துலயே உக்காந்திருந்து, கூடவே கூட்டியாரட்டும்'னு நாலு பேர் முன்னால சொன்னீங்கல்லங்க சம்பந்தி? படிக்கறவங்களத் தவிர வேற யாரையும் கிளாசுக்குள்ள விட மாட்டாங்களாமுங்க. அதான் நானும் சேந்துட்டேன்."