பாலத்துக் கிழவன்

"இந்தப் பாலத்துல எத்தின பேர் காவல் நிக்கிறாங்க?"

கான்ஸ்டபிள் நஸீம் இப்படிக் கேட்டதும் நவரட்ணராஜா கதிரை நுனிக்கு வந்துவிட்டான்.

மேசைமேல் அவனுடைய கொப்பி விரிந்து கிடந்தது. அலுவலகத்தில் படம் வரைகிற உத்தியோகம். கைப்பழக்கம் சும்மா விடுமா? பாலம், இருபுறமும் காவல் கோபுரம், பின்வாசல், வடக்கைக் காட்டும் அம்புக்குறி, மூலையில் அளவுத்திட்டம் வேறு. கீழே முத்து முத்தான எழுத்தில், 'முதலில் கோபுரத்தில் நிற்பவனை முடிக்க வேண்டும். பிறகு தலைவன்.' இந்த லட்சணத்தில் ஒரு கொப்பியோடு அக்குறணை பஸ்ஸிலிருந்து சோதனைச்சாவடியில் இறக்கப்பட்ட யாழ்ப்பாணத்துப் பையனை எவன் நம்புவான்? பஸ் டிக்கெட்டின் பின்னால் ஒரு தொலைபேசி எண்ணை எழுதி வைத்திருந்ததற்காக, அவனுடைய பக்கத்து அறைக்காரன் உள்ளே போய் இரண்டு மாதம். இன்னும் வரவில்லை.

"சேர், அது விளையாட்டு. டீவியில விளையாடுறது. அக்குறணையில மஹ்ரூப் காக்கான்ர கடையில மணித்தியாலக் கணக்கில விளையாட விடுவினம். அங்கதான் போயிட்டு வாறன்."

நஸீம் அதை மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த இன்ஸ்பெக்டருக்குச் சிங்களத்தில் சொன்னான். நவரட்ணராஜா கண்டிக்கு வந்து நான்கு மாதம்தான். பஸ்ஸை நிறுத்தச் சொல்வதற்கு மேல் அவனுக்குச் சிங்களம் தெரியாது.

இன்ஸ்பெக்டர் கொப்பியில் ஒரு பக்கத்தைப் பார்த்தார். இரண்டே வார்த்தை சொன்னார். கொப்பியைத் தள்ளிவிட்டுத் தன் ஃபைலில் மூழ்கினார்.

நஸீம் கதிரையை இழுத்து நெருக்கிப் போட்டுக்கொண்டான்.

"எல்லாத்தையும் விளக்கமாச் சொல்லட்டுமாம். பாலத்துல யார் நிக்கிறது?"

"ஒரு கிழவன் சேர். கையில நீட்டு வாள். அவனைக் கடந்தால்தான் கோட்டைக்குள்ள போகலாம். கடக்கிறது லேசில்லை. நான் நூற்றிப் பதினேழு தரம் செத்தனான்."

"நூத்திப் பதினேழா!"

"ஓம் சேர். எல்லாத்துக்கும் கணக்கு வச்சிருக்கிறன், பின்பக்கத்தில பாருங்கோ."

நஸீம் அவசரமாகப் பின்பக்கத்தைப் புரட்டினான். தன் சட்டைப் பையிலிருந்து சின்னப் புத்தகம் ஒன்றை எடுத்து எழுதவும் தொடங்கினான். வாக்குமூலம் எடுக்கிறான் என்று நவரட்ணராஜாவுக்கு விளங்கிவிட்டது. அம்மாவுக்கு யார் சொல்லுவார்கள்?

"இவ்வளவு தரம் செத்தும் என்னத்துக்குத் திரும்பத் திரும்பப் போறீங்க? லேசானது ஒண்ட விளையாடலாமே?"

இந்தக் கேள்வி அவனை எங்கோ தொட்டுவிட்டது. பயம் கொஞ்சம் விலகி நின்றது.

"லேசானதில என்ன இருக்கு சேர்? பட்டனை அமத்தினால் பத்துப்பேர் விழுவாங்கள். வீட்ட வந்தால் ஒண்டும் நினைவில நிக்காது. கஷ்டமான விளையாட்டு எங்களை மதிக்கும். அது ஏமாத்தாது. அந்தக் கிழவன் ஒருநாளும் சொல்லாமல் அடிச்சதில்லை. அடிக்க முன்னம் இடத்தோளை ஒருக்கால் உயர்த்துவான். நான் பாக்காமல் விட்டால் அது என்ர பிழை. சாகேக்க கோவம் வரும். பிறகு யோசிச்சால், அவன் செய்தது நியாயம்."

படார்!

இன்ஸ்பெக்டர் மேசையில் அறைந்து நஸீமைப் பார்த்துக் கத்தினார். நவரட்ணராஜா பாதி எழுந்துவிட்டான்.

"என்ன சேர் சொல்லுறார்?"

"கெதியாச் சொல்லி முடிக்கட்டுமாம். கிழவன எப்பிடி முடிச்சீங்க?"

"முடிக்க நினைச்ச நாளெல்லாம் முடியேல்லை. ஒருநாள் அடிக்காமல் சும்மா நிண்டு பாத்தன். மூண்டு தரம் வீசுறான். மூண்டாவதுக்குப் பிறகு ஒரு மூச்சு இழுக்கிறான். அந்த மூச்சுக்குள்ள ஒரே ஒரு அடி. பேராசைப்பட்டு ரெண்டாவது அடிக்கப் போனால் தலை போயிடும். பத்து நிமிஷம் அப்பிடியே... கடைசியில அவன் விழேல்லை சேர். வாளைக் கீழ வச்சிட்டு, குனிஞ்சு என்னைக் கும்பிட்டான்."

தான் எங்கே இருக்கிறோம் என்பதே அவனுக்கு மறந்துபோயிற்று.

"கடைச் சனமெல்லாம் கத்தினதெண்டு பிறகு சொல்லிச்சினம். எனக்கு ஒண்டும் கேக்கேல்லை. பட்டனில இருந்து கையை எடுத்திட்டன். எழும்பி நிண்டு நானும் அவனைக் கும்பிட்டன்."

நஸீமின் பேனா நின்றுவிட்டது. வாய் திறந்தபடி இருந்தான்.

"வலப்பக்கம் பாயவா, இடப்பக்கமா?" என்று மெல்லக் கேட்டான்.

"ரெண்டும் இல்லை. முன்னுக்குத்தான். பின்வாங்கினால் வாள் எட்டும். அவனோட ஒட்டி நிண்டால் எட்டாது."

இன்ஸ்பெக்டர் இந்த முறை எழுந்தே விட்டார். வாசலைக் காட்டி அவர் போட்ட சத்தத்தில் வெளியே நின்ற சிப்பாய்கூடத் திரும்பிப் பார்த்தான். நஸீம் கொப்பியை அள்ளிக்கொண்டு நவரட்ணராஜாவின் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிப்போனான். ஜீப் நின்றது. அதில்தான் ஏற்றப் போகிறார்கள்.

ஜீப்பைத் தாண்டி, பஸ் நிறுத்தம்வரை போய்த்தான் நஸீம் நின்றான். அடையாள அட்டையையும் கொப்பியையும் அவன் கையில் வைத்தான்.

"கண்டி பஸ் இப்ப வரும். ஏறிப் போங்க."

"என்னை... விட்டாச்சோ சேர்?"

"ஐயா அப்பவே விட்டுட்டாரு தம்பி. அவர்ட மகனுக்கும் இதே பைத்தியம்தான். கொப்பியப் பாத்ததுமே 'அனுப்பி விடு' எண்டு சொல்லிட்டாரு. பிறகு சத்தம் போட்டதெல்லாம் எனக்கு, இன்னுமா அனுப்பல எண்டு." நஸீம் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "மன்னிச்சிக்கங்க, மத்த கேள்வியெல்லாம் நான் கேட்டது. அந்தக் கிழவன்ட கையால மூணு மாசமா செத்துக்கிட்டு இருக்கேன்."