வலது காது

காதில் மாட்டும் கருவி எல்லா மொழியையும் பெயர்த்துச் சொல்லிவிடுகிற இந்தக் காலத்தில், ஈரோட்டில் என்னிடம் தமிழ் படிக்க வந்தவள் இலோனா ஒருத்திதான். ஹங்கேரிக்காரி, நம்மூர் மருமகள். முதல் நாள் கருவி வழியாகத்தான் பேசினாள். "புத்தகத் தமிழ் வேண்டாம் சார். வீட்டில் பேசுவதைச் சொல்லிக்கொடுங்கள். மாமனாரின் எழுபதாவது பிறந்தநாளில் அவரிடம் நேராகப் பேச வேண்டும்."

இரண்டு வருடம் சொல்லிக்கொடுத்தேன். கொஞ்சல், குத்தல், வசவு எதையும் விடவில்லை. அதில் எனக்கு ஒரு கர்வம்கூட.

பிறந்தநாள் காலையில் வலது காதுக் கருவியை மட்டும் கழற்றிவிட்டு அவருக்குக் காப்பி கொண்டுபோயிருக்கிறாள். அவர் எப்போதும்போலச் சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னாராம். எட்டு வருடமாகச் சொல்வதையே இடது காதுக் கருவி அவள் மொழியில் சொன்னது: "உன் காப்பி இல்லாமல் எனக்குப் பொழுதே விடியாதும்மா." வலது காதில் கேட்டது வேறு. மகனைப் பார்த்து அவர் சொன்னது.

"இந்த மூஞ்சியில முழிச்சு முழிச்சே என் காலம் முடிஞ்சிரும்டா."

கருவியை அப்படி இதமாகப் பேச வைத்திருந்தவன் அவள் கணவன்தான். அவன் தலையைக் குனிந்துகொண்டானாம்.

நேற்று வகுப்புக்கு வந்தாள். தேர்ச்சிச் சான்றிதழை நீட்டினேன். வாங்கவில்லை.

"கத்துக்கிட்டதை மறக்கறதுக்கு ஏதாவது கிளாஸ் இருக்கா சார்?"

தமிழில்தான் கேட்டாள். ஒரு பிழைகூட இல்லை.