ஜப்பானில் காலை ஏழு மணி

பின்னால் ஜப்பானியக் காலண்டர் நேராகத் தொங்குகிறதா என்று விஷாகா திரும்பிப் பார்த்துக்கொண்டாள். தோழி சண்முகப்ரியா ஓடிப்போய் ஜன்னல் திரையை இழுத்து மூடினாள்.

"கழுத்துல ஸ்கூல் கார்டை மாட்டுடி. வேலைக்குக் கிளம்புற மாதிரி இருக்கணும்ல!"

போன் அலறியது. அம்மாதான். அம்மா இருக்கும் அமெரிக்காவின் பிளசன்டனில் மதியம் மூன்று மணி என்றால் ஜப்பானில் மறுநாள் காலை ஏழு. இரண்டு வருடமாக இந்த நேரம் தவறாமல் வீடியோவில் வந்துவிடுவாள்.

ஜப்பானில் அவள் வேலை பார்த்த மலைக் கிராமத்துப் பள்ளியில் இருந்ததே பதினோரு பிள்ளைகள். மார்ச்சோடு அதை மூடிவிட்டார்கள். இங்கிலீஷ் டீச்சர் விஷாகாவின் வேலையும் போயிற்று. மூன்று வாரமாக வீட்டில் மூச்சு விடவில்லை.

சாஃப்ட்வேர் வேலையை விட்டுப் போனபோது அப்பா சொன்னது இன்னும் காதில் குத்துகிறது. "மூணு மாசம் தாங்க மாட்டே. அழுதுக்கிட்டு வருவே, பாரு!" வேறு வேலை கிடைத்த பிறகுதான் வாயைத் திறப்பது என்று அவளுக்கு வைராக்கியம்.

"என்னடி, கிளம்பிட்டியா?"

"ஆல்மோஸ்ட்மா. இன்னைக்கு தேர்ட் கிரேடுக்கு கலர்ஸ் எடுக்கணும்." பொய் சொல்லிப் பழக்கமில்லாத பெண், பாவம்.

"பக்கத்து வீட்டுக்காரர் முள்ளங்கி வச்சாரா?"

"ரெண்டு. வழக்கம்போல வாசல்லயே வச்சுட்டுப் போயிட்டார்."

அம்மாவுக்குப் பின்னால் சோபாவில் அப்பா உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அதுவே விஷாகாவுக்குப் பயமாக இருந்தது.

"முகமே சரியில்லையே. வயித்துக்கு ஏதாவது போட்டியா?"

"காபி குடிக்கிறேன்மா. இதோ பாரு." ப்ரியா நீட்டிய டம்ளரை வாங்கிக் கேமராவுக்குப் பக்கத்தில் தூக்கிக் காட்டினாள். பேர் வெட்டிய எவர்சில்வர் டம்ளர். நுரை பொங்கி நின்றது.

அம்மா டம்ளரை உற்றுப் பார்த்தாள். போனை மியூட்டில் போட்டுவிட்டு, அப்பா பக்கம் திரும்பி ஏதோ சொன்னாள். அப்பா விருட்டென்று எழுந்து வெளியே போனார்.

விஷாகா திரையை நோக்கிக் குனிந்தாள். "அம்மா? அப்பா ஏன் போறார்? கோபமா?"

சத்தம் திரும்பி வந்தது. எங்கோ கராஜ் கதவு திறக்கும் ஓசை.

"விஷா, அந்த டம்ளர்ல என்ன பேரு இருக்குன்னு படி."

ஜப்பானிய எழுத்தையெல்லாம் கடகடவென்று படிக்கிறவள், டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துத் திருதிருவென்று விழித்தாள். "எனக்குத் தமிழ் படிக்க வராதேம்மா..."

"எனக்கு வருமே. பர்வதம். ப்ரியாவோட அம்மா பேரு. போன ஞாயித்துக்கிழமை பாட்லக் விருந்துல அந்த டம்ளரைக் கழுவிக் குடுத்ததே நான்தான்."

ப்ரியா நாக்கைக் கடித்துக்கொண்டாள். விஷாகாவுக்கு அடக்கி வைத்திருந்த அழுகையெல்லாம் பொத்துக்கொண்டு வந்தது.

"ஸாரிம்மா... அப்பா சொன்ன மாதிரியே..."

"அழாதடி. அப்பா காரை எடுத்துட்டாரு, இருபது நிமிஷத்துல ப்ரியா வீட்டு வாசல்ல இருப்பாரு."